அப்பா பயிற்சியாளர், மகன் குவார்ட்டர்பேக்

அமெரிக்காவில் ஃபுட்பால் என்று சொன்னால் அது நம்மூர் கால்பந்து அல்ல. இரண்டு முனையும் கூம்பிய பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், குறுக்கே வருகிறவனை மோதிச் சாய்ப்பார்கள். களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். அதில் குவார்ட்டர்பேக் ஒருவன்தான். ஏறக்குறைய ஒவ்வொரு தாக்குதலிலும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் அவன் முடிவு செய்தாக வேண்டும். மற்ற இடங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்கலாம். குவார்ட்டர்பேக்கை அப்படி மாற்றுவது அபூர்வம். ஒருவன் ஆடினால் அடுத்தவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். சில சமயம் படிக்கிற காலம் முழுக்க.

அந்த ஓர் இடத்துக்கு யார் என்று முடிவு செய்கிறவர் தலைமைப் பயிற்சியாளர். போட்டியில் அவருடைய மகனே இருந்தால்?

கொலராடோ பல்கலைக்கழகத்தில் இது இரண்டு முறை நடந்தது. முதல் அப்பா டேன் ஹாக்கின்ஸ். பாய்சி ஸ்டேட்டில் 5 வருடத்தில் 53 வெற்றி, 11 தோல்வி என்ற கணக்கோடு 2006-ல் கொலராடோவுக்கு வந்தார். கூடவே மகன் கோடியும் வந்தான். உயரம் 6 அடிக்குள்தான், குவார்ட்டர்பேக்குக்கு அது குறைச்சல். முதல் வருடம் அவன் களம் இறங்கவில்லை. அணி 2 ஆட்டம் ஜெயித்து 10 ஆட்டம் தோற்றது. 2007-ல் மகன்தான் குவார்ட்டர்பேக். அந்த செப்டம்பரில், நாட்டில் 3-வது இடத்தில் இருந்த ஓக்லஹோமாவை 27-24 என்று கொலராடோ வீழ்த்தியது. அன்றைக்கு யாரும் வாரிசு பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள்!

அதே 2007-ல் இன்னொன்றும் நடந்தது. விளையாட்டு வீரர்களுக்கு விடுமுறை போதவில்லை என்று ஒரு பெற்றோர் பெயர் போடாமல் கடிதம் எழுதினார். நிருபர்கள் முன்னால் டேன் ஹாக்கின்ஸ் அதற்குக் கத்தின கத்து, வீடியோவாக ஊரெல்லாம் சுற்றியது. இது பெரிய மட்டத்து ஆட்டம், சிரமம் பார்க்கிறவன் பொழுதுபோக்குக்கு ஆடப் போகட்டும் என்கிற ரீதியில். ஒரு பெற்றோர் தலையிட்டதற்கு இத்தனை கோபம். அந்த அறையில் கோபப்பட்டவரும் அதே அணியில் ஆடுகிற ஒருவனுக்குப் பெற்றோர்தான் என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

பிறகு இறங்குமுகம். 2008-ல் 5 வெற்றி, 7 தோல்வி. அடுத்த வருடம் 10 வெற்றி நிச்சயம், சாக்குப்போக்கு கிடையாது என்று மேடையில் சொன்னார் அப்பா. 2009-ல் கிடைத்தது 3. தோற்கிற அணியில் எல்லோரும் குவார்ட்டர்பேக்கைத்தான் திட்டுவார்கள். அவன் பயிற்சியாளரின் மகனாகவும் இருந்தால் கேட்கவே வேண்டாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நாம் சொல்கிறதை அவர்கள் அவர்கள் பாஷையில் சொன்னார்கள். அந்த சீசன் நடுவில் மகனை உட்கார வைத்துவிட்டு டைலர் ஹேன்சன் என்ற பையனை இறக்கினார் டேன் ஹாக்கின்ஸ். உட்கார வைத்தாலும் பேச்சு நிற்கவில்லை. இத்தனை நாள் ஏன் வைக்கவில்லை என்று கேட்டார்கள்.

வணிகவியல் பாடத்தில் ரிலேட்டட் பார்ட்டி டிரான்சாக்‌ஷன் என்று ஒன்று வரும். கம்பெனியை நடத்துகிறவர் தன் மகனுக்கோ தம்பிக்கோ கம்பெனி சார்பில் ஒரு வேலையைக் கொடுத்தால், அதைக் கணக்கில் வெளிப்படையாகக் காட்ட வேண்டும். இந்தியக் கணக்கியல் தரம் 18 சொல்வது இதைத்தான். உறவினர் யார் யார் என்று பட்டியலே போட்டிருக்கும். கொடுப்பது குற்றம் என்று அது சொல்லவில்லை, மறைக்கக் கூடாது என்கிறது. கூடவே ஒரு கேள்வியும் உண்டு. இதே வேலையை முன்பின் தெரியாத ஒருவனிடம் கொடுத்திருந்தால் என்ன விலை ஆகியிருக்கும்? ஆர்ம்ஸ் லெங்த் விலை என்பார்கள், ஒரு கை தூரம் தள்ளி நின்று போட்ட விலை.

கொலராடோ விஷயத்தில் மறைப்பு எதுவும் இல்லை. சட்டை முதுகில் ஹாக்கின்ஸ் என்று எழுதியே இருந்தது. 50 ஆயிரம் பேர் பார்க்கிற மைதானத்தில் இதைவிட வெளிப்படையாக எதைக் காட்ட முடியும்? தெரியாதது அந்த விலைதான். வேறொரு பயிற்சியாளராக இருந்தால் இந்தப் பையனை ஆட வைத்திருப்பாரா? வெளியில் இருந்து திட்டுகிறவனுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் சரியாகத் தெரியாது. மகனுக்கு? அவனுக்குத்தான் இது ரொம்பக் கஷ்டம். நன்றாக ஆடினாலும் அது தன் சம்பாத்தியமா என்ற சந்தேகம் போகாது. தோழர்கள் உடை மாற்றும் அறையில் பயிற்சியாளரைத் திட்டிக்கொண்டிருக்கும்போது இவன் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். மற்ற எல்லோருக்கும் கிடைக்கிற அந்தச் சின்ன ஆறுதல் இவனுக்குக் கிடையாது. பெஞ்சில் இருக்கிற அடுத்த பையனுக்கோ தன் தோல்விக்கு ஒரு காரணம் ரெடியாக இருக்கிறது. அது நியாயமான காரணமா என்பதும் அவனுக்குத் தெரியப்போவதில்லை.

(கூடைப்பந்தில் ஓர் அப்பா மகன் இந்த விலையைக் காசாகவே கட்டினார்கள். கிரைட்டன் பல்கலைக்கழகத்தில் கிரெக் மெக்டெர்மட் பயிற்சியாளர், மகன் டக் நட்சத்திரம். 2013-14-ல் இன்னொரு வீரனுக்குக் கூடுதலாக ஒரு வருடம் ஆட அனுமதி கிடைத்தது, ஆனால் உதவித்தொகை இடம் காலி இல்லை. டக் தன் உதவித்தொகையை விட்டுக்கொடுத்து, கட்டணம் கட்டி ஆடினான். அந்த வருடம் நாட்டின் சிறந்த வீரனும் அவன்தான். 3,000 புள்ளிக்கு மேல் எடுத்தவனை யார் என்ன சொல்ல முடியும்? எல்லா மகனும் டக் இல்லையே.)

கோடியின் விலை தெரிய வந்த விதம் விசித்திரம். 2010 அக்டோபரில் ஹேன்சனுக்கு மண்ணீரலில் அடி. மகன் மறுபடி உள்ளே வந்தான். நவம்பர் 6, கான்சஸ் அணியோடு ஆட்டம். கடைசிக் கால்பகுதியில் கொலராடோ 45-17 என்று முன்னிலை. அங்கிருந்து கான்சஸ் 35 புள்ளி எடுத்து 52-45 என்று ஜெயித்தது. மூன்றாம் நாள் அப்பாவுக்கு வேலை போயிற்று. மொத்தக் கணக்கு 19 வெற்றி, 39 தோல்வி.

மகன் எங்கே போவான்? படிப்பு இருக்கிறது, ஆட்டம் இருக்கிறது. அப்பாவைத் துரத்திய அதே பல்கலைக்கழகத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுத்த சனிக்கிழமை இறங்கினான். தற்காலிகப் பயிற்சியாளர் பிரையன் கப்ரால். அயோவா ஸ்டேட்டை 34-14, கான்சஸ் ஸ்டேட்டை 44-36 என்று வரிசையாக இரண்டு வெற்றி. ஹேன்சன் படுக்கையில் இருந்ததால் கப்ராலுக்கு வேறு வழி அதிகம் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்த இரண்டு சனிக்கிழமையும் அவனை இறக்கியது அப்பா இல்லை. அந்த 4 வருடத்தில் அவன் ஆடிய மிகப் பெரிய ஆட்டம் ஓக்லஹோமா ஆட்டம் என்பார்கள். இந்த இரண்டும்தான் என்று தோன்றுகிறது.

பன்னிரண்டு வருடம் கழித்து அதே ஊருக்கு இரண்டாவது அப்பா வந்தார். டியான் சாண்டர்ஸ், தொழில்முறை ஆட்டத்தில் பெரிய பெயர். 2022 டிசம்பரில் பதவி ஏற்ற கூட்டத்திலேயே மகன் ஷெடூரை எழுப்பி நிறுத்தி, இவன்தான் உங்கள் குவார்ட்டர்பேக் என்றார். உடனே, அவனும் அந்த இடத்தைச் சம்பாதிக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார். இரண்டு வாக்கியத்தில் எது உண்மை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

ஆனால் பையன் ஆடினான். முதல் ஆட்டத்திலேயே டிசியு அணிக்கு எதிராக 510 கெஜம், 45-42 வெற்றி. 2024-ல் எறிந்த பந்துகளில் 74 சதவீதம் சரியாகப் போய்ச் சேர்ந்தது, 37 டச்டவுன். ஹாக்கின்ஸ் காலத்தில் ஆட்டக்காரர்களுக்குக் காசு கிடையாது. 2021-க்குப் பிறகு தங்கள் பெயரை விளம்பரத்துக்கு விற்கலாம் என்று விதி மாறியிருந்தது. ஆகவே அந்த ஓர் இடத்தின் மதிப்பு இப்போது டாலரிலும் எழுதப்படுகிறது. 2025 ஏப்ரலில் அவனுடைய 2-ம் எண் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று கொலராடோ அறிவித்தது. அதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் சரித்திரத்தில் அந்த மரியாதை 4 எண்ணுக்குத்தான். அப்பா அங்கே வேலையில் இருக்கும்போதே மகனுக்கு இதைச் செய்தது, திறமை இருந்தும், கொஞ்சம் அவசரம். பத்து வருடம் பொறுத்திருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

அதே மாதம் வந்தது டிராஃப்ட், தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் நாள். முதல் சுற்றில் போவான் என்று பல மாதம் எழுதினார்கள். போகவில்லை. 5 குவார்ட்டர்பேக்குகள் இவனுக்கு முன்னால் போனார்கள். 5-வது சுற்றில், 144-வது ஆளாக, கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் எடுத்தது. அதே அணி 3-வது சுற்றில் டில்லன் கேப்ரியல் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை ஏற்கெனவே எடுத்திருந்தது. காத்திருந்த நேரத்தில் ஒரு போலி போன் வேறு, உன்னை எடுக்கப் போகிறோம் என்று. விளையாட்டுக்குச் செய்தவன் அட்லாண்டா அணியின் துணைப் பயிற்சியாளர் ஒருவரின் மகன், நம்பரை எடுத்தது அப்பாவின் ஐபேடிலிருந்து. அந்த அப்பாவுக்கு 1 லட்சம் டாலர் அபராதம்.

கை தூர விலை அதுதானா? அணிகள் அவன் கையைப் பார்த்தார்களா, அப்பாவின் நிழலைப் பார்த்தார்களா? அப்பாவால் விலை ஏறியது என்றவர்களே இப்போது அப்பாவால் இறங்கியது என்றார்கள். உறவு இருக்கிற வரை கணக்கு நேராவதே இல்லை போலிருக்கிறது. மகன் போன பிறகு கொலராடோ 9 வெற்றியிலிருந்து 3 வெற்றிக்கு இறங்கியது என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கோடி ஹாக்கின்ஸ் பிற்பாடு பயிற்சியாளர் ஆனார். யுசி டேவிஸில் அப்பாவின் கீழேயே வேலை பார்த்துவிட்டு 2023-ல் ஐடஹோ ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளராக இறங்கினார். ஷெடூர் கிளீவ்லேண்டில் சில மாதம் தொப்பியோடு கோட்டுக்கு வெளியே நின்றார். 2025 நவம்பரில் கேப்ரியலுக்குத் தலையில் அடிபட்டது, ஹேன்சனுக்கு மண்ணீரலில் பட்ட மாதிரி. அடுத்த வாரம் லாஸ் வேகாஸில் ஷெடூர் முதல் முறையாக ஆட்டத்தைத் தொடங்கினார். 24-10, கிளீவ்லேண்டுக்கு வெற்றி. அவரை இறக்கிய பயிற்சியாளர் அவருக்கு உறவு இல்லை.