தோளில் ஒரு தழும்பு

வங்கக் கடலோரத்திலுள்ள சதுரங்கப்பட்டினம் என் பிறந்த ஊர். அங்கே டச்சுக்காரர் கட்டிய பழங்கோட்டையின் மதிலோரம் மாலைதோறும் என் பாட்டனார் அமர்ந்திருப்பார். அவர் மடியில் இருந்தபடி என் தங்கை கதை கேட்பாள். கதைக்கு இடையிடையே பாட்டனார் இருமுவார். முதுமையின் இருமல் என்றே நாங்கள் எண்ணினோம்.

1967ஆம் ஆண்டு, மூன்று வயதான தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. சோர்ந்து கிடந்தாள், ஓயாது வாந்தி எடுத்தாள். சில நாளில் கழுத்து விறைத்தது, வலிப்பும் வந்தது. பேயின் கோளாறு என்றனர் சிலர். தந்தையார் அவளைத் தோளில் சுமந்துகொண்டு சென்னைக்கு விரைந்தார். காசநோய்க் கிருமி, மூளையைச் சூழ்ந்த உறையைத் தாக்கியுள்ளது என்றார் மருத்துவர். பாட்டனாரைச் சோதித்தபோது அவருக்கும் காசநோய் இருப்பது தெரிந்தது. அன்பு மடியே நோய்க்கு வழியாயிற்று!

தங்கை கைக்குழந்தையாய் இருந்தபோது பி.சி.ஜி. தடுப்பூசி போட ஒருவர் வந்தார். "பச்சைக் குழந்தையின் தோள் புண்ணாகும்" என்று பாட்டியார் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதுவும் அன்பினால் நேர்ந்த பிழையே.

பல திங்கள் மருத்துவத்துக்குப்பின் தங்கை பிழைத்தாள், செவிப்புலனோ திரும்பவில்லை. நோய் நீங்கிய பாட்டனாரின் அருகே மீண்டும் அமர்ந்தாள். அவர் உதடுகளையே உற்று நோக்கினாள். அவர் கதை சொல்வதையே விட்டுவிட்டார்.

பிரெஞ்சு அறிஞர்களான கால்மெட், கெரென் இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் கொடுமையைப் போக்கினர். அவ்வாறு உண்டான மருந்து, 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு அளிக்கப்பட்டது. 1968இல் எங்கள் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே அதனை ஆராயத் தொடங்கினர். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பது முடிவு. ஆயின், அது பயனற்றதன்று. குழந்தைகளை மூளையுறைக் காசநோயினின்றும் அது பெரிதும் காக்கிறது எனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. மூளையுறை நோயை விளைக்கும் மற்றொரு கிருமியான ஹிப் கிருமிக்கு எதிரான மருந்தும் அடங்கிய ஐந்துநோய்த் தடுப்பூசி, 2011 டிசம்பரில், நாட்டிலேயே முதன்முதலாகத் தமிழகத்திலும் கேரளத்திலும் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது.

அண்மையில் தங்கைக்குப் பேத்தி பிறந்தாள். பிறந்தவுடன் இடத்தோளில் ஊசி போட்டனர். சில வாரங்களில் அவ்விடம் சிறு புண்ணாகி ஆறித் தழும்பாயிற்று. தங்கை அத்தழும்பைத் தடவித் தடவிப் பார்க்கிறாள். மழலை மொழி அவள் செவியில் விழாது. ஆயினும் அவள் முகம் மலர்கிறது.

மாணவர்களே, வீட்டில் முதியவர் ஓயாது இருமினால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் தோளையும் பாருங்கள். அங்கே ஒரு சிறு தழும்பு இருக்குமாயின், அது உங்கள் பெற்றோரின் அன்பு அறிவோடு கூடியதற்கு அடையாளமாகும்.