சுத்தியல் மூலையும் கவட்டை மூலையும்

திருச்சுழிப் பக்கம் எங்கள் கண்மாய் கார்த்திகையில் நிறைந்தால் பங்குனிக்குள் வற்றிவிடும். அப்புறம் கரிசல் வாய் பிளந்து கிடக்கும். வெடிப்புக்குள் விழுந்த கோலிக்குண்டை யாரும் திரும்ப எடுத்ததில்லை. அந்தத் தரையில்தான் 1997இல், எட்டாவது படித்த அக்கா ஜியாமெட்ரி பாக்ஸோடு மண்டியிட்டுக் கிடந்தாள். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கான ஆய்வு. குழுவில் ஐந்து பேர். நாலாவது படித்த நான் கணக்கில் சேர்த்தி இல்லை. டேப்பின் மறுமுனையைப் பிடிப்பதும் தண்ணீர்ச் செம்பு தூக்குவதும் என் வேலை. “டேய், ஆட்டாமப் பிடிடா!”

கண்மாய் நடுவில் ஒரு வெடிப்பு இன்னொன்றின்மேல் நேராக முட்டி நிற்கும். அதற்குச் சுத்தியல் மூலை என்று பேர் வைத்தாள். பம்புசெட் வாய்க்கால் கசிந்து, தினம் நனைந்து தினம் காயும் சகதியிலோ மூன்று வெடிப்புகள் உண்டிவில் கவட்டை போலப் பிரிந்தன. பாகைமானி வைத்தால் அங்கே 90 பாகை, இங்கே 120ஐ ஒட்டி. ஒரே தடவை காய்கிற மண்ணில், பிந்தி வரும் வெடிப்பு முந்தியதில் முட்டி நின்றுவிடும். நனைந்து மூடித் திரும்பத் திரும்பத் திறக்கும் மண்ணிலோ மூலைகள் மெல்லச் சமனாகி, கட்டங்கள் அறுகோணமாகிவிடும். இந்தக் காரணமெல்லாம் அன்று அவளுக்குத் தெரியாது. எண்ணினாள், வரைந்தாள், வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை. ஆய்வின் உயிர் அதில்தான் இருந்தது என்பேன்.

ஜூலையில் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. அது இறங்கிய இடம் எந்தக் காலத்திலோ பெருவெள்ளம் ஓடிய தடம் என்று சொல்லி, அறிவியல் சார் பேப்பரில் வந்த படத்தைக் காட்டினார். அக்கா நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: ‘அங்கே தண்ணீர் நின்றிருந்தால், வெடிப்பு எந்த மூலை?’ விருதுநகரில் நடந்த மாவட்ட மாநாட்டில் அவளுக்குப் பரிசு வாங்கித் தந்தது அந்த ஒரு வரிதான் என்று நம்புகிறேன். திரும்பும் வழியில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அப்பா காராச்சேவு வாங்கித் தந்தார். எனக்கும் ஒரு பொட்டலம், தனியாக.

2023 ஆகஸ்டில், பிரெஞ்சு ஆய்வாளர் வில்லியம் ராப்பென் குழுவின் கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தது. செவ்வாயின் கேல் பள்ளத்தில், 350 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த சேற்றுப்பாறையில், கியூரியாசிட்டி ஊர்தி அறுகோண வெடிப்புகளைப் படம் பிடித்திருந்தது. மறுபடி மறுபடி நனைந்து காய்ந்த தரையாம். உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

“கவட்டை மூலைதான்க்கா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“ஒரு கட்டம் எவ்வளவு அகலமாம்?”

“சில சென்டிமீட்டர்தான்.”

“நம்ம வாய்க்கா ஓரத்துலயும் அவ்வளவுதான்டா இருந்துச்சு” என்றாள்.