மலேசியாவில் ஒரு கோடை விடுமுறை – 3
பினாங்கில் கிடைத்த பருப்புச் சோறு

கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் வரை ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். பெட்டிக்குள் ஏசி எலும்பு வரை குளிர்ந்தது. பிள்ளைகள் இருவரையும் துண்டால் போர்த்தித் தூங்க வைத்ததைத் தவிர அந்தப் பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை. பட்டர்வொர்த் நிலையத்துக்குப் பக்கத்திலேயே படகுத்துறை. ஃபெரியில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் பினாங்குத் தீவு. கடற்காற்று பட்டதும் சின்னவன் விழித்துக்கொண்டான். பெரியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிரே நெருங்கி வந்த ஜார்ஜ் டவுனின் ஓட்டுக் கூரைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கரையிறங்கியதும் முதல் சண்டை. வாசலில் நின்ற டாக்ஸிக்காரர் எங்கள் விடுதிக்கு முப்பது ரிங்கிட் கேட்டார். ஒரு ரிங்கிட் நம் பணத்துக்கு அப்போது சுமார் இருபது ரூபாய். பெரிய பெட்டிகள், சிணுங்கும் பிள்ளைகள், உச்சி வெயில், எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டுச் சொன்ன விலை அது. ஏறினோம். வண்டி நான்கு தெரு திரும்பி நின்றுவிட்டது. இறங்கும்போது பெட்டிகளுக்கென்று இன்னும் பத்து ரிங்கிட் கேட்டார். எதற்கும் குரல் உயர்த்தாத என் கணவர் அன்று நடுத்தெருவில் நின்று வாதாடினார். டாக்ஸிக்காரரோ டிக்கியைத் திறக்காமல் கைகட்டி நின்றார். பெரியவள் அழத் தொடங்கியதும் கொடுத்துவிட்டோம். விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு அதைக் கேட்டு எங்களைவிடக் கோபம். அதே படகுத்துறையிலிருந்து பழைய நகரைச் சுற்றி 'கேட்' என்ற இலவசப் பேருந்து ஓடுகிறதாம். விடுதிக்கு அருகிலேயே அதன் நிறுத்தமும் இருந்தது. சென்னையிலும் நடக்கிற கதைதான். எந்த ஊரானாலும், கையில் குழந்தையோடு வந்து இறங்குகிறவர்களின் அவசரத்தைக் காசாக்குவது ஈனச் செயல்.

மறுநாள் காலையிலேயே தெருவில் இறங்கினோம். ஜார்ஜ் டவுன் நடந்து பார்க்க வேண்டிய ஊர். 1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவைக் கைக்கொண்டு, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைச் சூட்டிய ஊர். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. குயின் தெருவில் 1833ஆம் ஆண்டு மாரியம்மன் கோயில். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர் 1801இல் எழுப்பியது. சீனக் கோயில்களின் ஊதுவத்திப் புகையும் அதே தெருக்களில்தான்.

கடைகளின் முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஐந்தடி அகலத்தில் கூரையோடு நடைபாதை விட்டுக் கட்டியிருக்கிறார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரு கடைக்கு அது படியேறுகிறது, அடுத்த கடைக்கு இறங்குகிறது, அதற்கடுத்த கடை அதில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருக்கிறது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவே முடியாது. பாதி நேரம் வண்டியை என் கணவரும், வண்டியில் இருக்க வேண்டியவனை நானும் சுமந்தோம். பொதுக் கழிப்பறைகளில் காசு வாங்குகிறார்கள், தரை எப்போதும் ஈரம். ஆனாலும் எல்லா இடத்திலும் தண்ணீர்க் குழாய் உண்டு. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

இந்த வாரம் நான் எழுத உட்கார்ந்ததே அன்று மாலை நடந்ததைச் சொல்லத்தான்.

பினாங்கு என்றாலே நாசி கண்டார். பழைய நாளில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவுதடி வைத்து, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் கறியும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு. தடிதான் போயிற்று, சாப்பாடு அப்படியே இருக்கிறது. நாங்கள் போன கடையில் மீன் தலைக் கறி, கணவாய், கோழி, வெண்டைக்காய் என்று பாத்திரங்கள் வரிசையாக ஆவி பறக்க நின்றன. கேட்பதைத் தட்டில் வைத்து, நாலைந்து குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றி, சோறு மூழ்கும்படி தருகிறார்கள். மணம் ஆளைத் தூக்கியது.

சின்னவனுக்கு நாலு வயது. வந்ததிலிருந்து வாழைப்பழத்திலும் பிஸ்கட்டிலும்தான் உயிர் வாழ்ந்தான். சிவந்த குழம்பு தட்டில் விழுவதைப் பார்த்ததும் வீறிட்டான். பின்னால் நீண்ட வரிசை. வேலை முடிந்து பசியோடு வந்தவர்கள். கையில் தட்டு, இடுப்பில் கதறுகிற பிள்ளை. எனக்கு வியர்த்துக் கொட்டியது.

கரண்டி பிடித்திருந்த பெரியவருக்கு அறுபது வயதிருக்கும். "தம்பிக்குக் காரம் ஆகாதா?" என்று தமிழில் கேட்டார்.

"வெறுஞ்சோறு இருந்தா போதும் அண்ணே."

"வெறுஞ்சோத்த எப்படித் திம்பான்? நீங்க போய் உட்காருங்க தங்கச்சி, நான் பாத்துக்கிறேன்."

கரண்டியைப் பக்கத்திலிருந்த பையனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற மலாய்ப் பெண் என் தட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் பெரியவர் ஒரு கிண்ணத்தோடு வந்தார். குழைந்த வெள்ளைச் சோறு, மேலே காரமில்லாத பருப்பு, ஓரத்தில் அப்போதுதான் பொரித்த முட்டை. கரண்டியின் முதுகால் சோற்றை அவரே மசித்துக் கொடுத்தார். ஒரு வாய் உள்ளே போனதும் அழுகை நின்றது. கிண்ணம் காலியாகும் வரை சின்னவன் தலை நிமிரவே இல்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கூட்டம் குறைந்தபின் வந்து எதிரே உட்கார்ந்தார். தாத்தா கடையநல்லூரிலிருந்து வந்தவராம். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறியவர். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே, நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் தொட்டுக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு நெருக்கமாக ஓடிய கப்பல் அது. எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் கதை அதன் மேல்தளத்தில்தான் தொடங்கியது. "மேல்தளத்துப் பயணத்துல யாரோ ஒரு அம்மா கஞ்சி காய்ச்சிக் குடுத்தாங்கன்னு தாத்தா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றார். பில்லில் எங்கள் தட்டுகளுக்கு மட்டுமே கணக்கு. கிண்ணத்துக்கும் சேர்த்துப் போடுங்கள் என்று நான் வற்புறுத்தினேன். "பச்சப்புள்ள பசியாறுனதுக்குக் காசா? நல்லா கேட்டீங்க போங்க" என்று எழுந்துவிட்டார். முந்தின நாள் நாற்பது ரிங்கிட் பறிகொடுத்த ஆத்திரம் அந்த இடத்திலேயே ஆறியது.

பினாங்கு மலைக்கும் போனோம். பழனியில் இருக்கிற வின்ச்சேதான், ஆனால் இன்னும் நீளமான தண்டவாளம். 1923இல் தொடங்கியது. முன்பு பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டுமாம். 2011இல் வந்த புதிய ரயில் நேராக மேலே கொண்டுபோய் விடுகிறது. வெளிநாட்டாருக்கு உள்ளூர்க்காரரைவிடக் கட்டணம் மிக அதிகம், வரிசையும் நீளம். ஆனால் மேலே காற்று சில்லென்றிருந்தது. முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன. கீழே கடலின் குறுக்கே 13.5 கிலோமீட்டர் நீளத்துக்குப் பினாங்குப் பாலம். வடக்கே கெடா மாநிலத்தின் ஜெராய் மலை மங்கலாகத் தெரிந்தது. 1025இல் ராஜேந்திர சோழனின் படை வென்ற கடாரம் அந்தப் பக்கம்தான் என்று மகளிடம் சொன்னேன். "இப்போ அங்க யாரும்மா ராஜா?" என்றாள். கெடாவுக்கு இன்றும் சுல்தான் உண்டு, ஒன்பது மாநிலங்களின் பரம்பரை ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஒருவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாட்டின் மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றதும், "கிளாஸ் லீடர் மாதிரியா?" என்று கேட்டாள். அவளுக்கு நாட்டின் அரசியல் விளங்கிவிட்டது.

அதன்பின் பட்டியலில் இருந்தவை பட்டாம்பூச்சிப் பூங்கா, வாசனைப் பயிர்த் தோட்டம், சுவரோவியத் தெரு, கோட்டை. பிள்ளைகளின் கால் ஓய்ந்துவிட்டது, எனக்கும் ஆசை வற்றிவிட்டது. எல்லாவற்றையும் அடித்துவிட்டோம். காலையில் விடுதிக்குப் பக்கத்தில் ரொட்டி சானாய், பகலில் தூக்கம், மாலையில் அந்தக் கடை, இரவில் கடலோரம். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

மே மாதத்தில் சிறு பிள்ளைகளோடு கிளம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். பார்க்க வேண்டிய இடங்களைக் குறித்து வைப்பதற்கு முன்னால், உங்கள் குழந்தை வாய் திறந்து சாப்பிடும் ஒரு கடையை அந்த ஊரில் கண்டுபிடியுங்கள். அதைச் சுற்றி மற்றதை அமைத்துக்கொள்ளுங்கள். கோபுரமும் கோட்டையும் அவர்கள் வளர்ந்தபிறகும் அங்கேயேதான் இருக்கும்.

அடுத்த வாரம் லங்காவி. அங்கே எங்கள் பட்டியலில் கடல் மட்டும்தான் இருக்கிறது.