மைக் செட் வக்கீல்

இந்தியாவில் ஒரு வழக்கறிஞர் தன் இணையதளத்தில் தன்னைப் பற்றி என்னென்ன எழுதிக்கொள்ளலாம் என்பதற்கு விதி இருக்கிறது. பார் கவுன்சிலின் 36-ஆம் விதி விளம்பரமே கூடாது என்கிறது. 2008-ல் அதில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு எண், பதிவு செய்த தேதி, எந்த பார் கவுன்சில், என்ன படிப்பு, எந்தத் துறையில் வழக்காடுகிறார். கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அமெரிக்காவில் சினிமா, இசை, அறிவுசார் சொத்துரிமை வழக்குகளை நடத்துகிறவர்களின் அறிமுகக் குறிப்புகள் வேறு மாதிரி. சட்டம் படிப்பதற்கு முன்னால் ஒருத்தர் குழுவில் டிரம்ஸ் வாசித்திருப்பார், இன்னொருத்தர் ஆய்வகத்தில் வேதியியல் பார்த்திருப்பார். அதைப் பெருமையாகப் போட்டுக்கொள்வார்கள். நம்மூர் வக்கீலும் அப்படி எதையாவது செய்துவிட்டுத்தான் வந்திருப்பார். ஆனால் அதைச் சொல்ல அந்தப் பட்டியலில் இடம் கிடையாது. டிகிரி மட்டும்தான் தெரியும். அந்த டிகிரிக்கு முன்னால் மனுஷன் என்னவாக இருந்தார் என்பது எதிரே போய் உட்காரும்போதுதான் தெரியவரும்.

நான் மென்பொருள் பொறியாளன். ஊர் நாகமலை புதுக்கோட்டை. தேனி ரோட்டில், காமராசர் பல்கலைக்கழகம் போகிற வழியில், மலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருக்கிற ஊர். சட்டத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இரண்டு வக்கீல்களின் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர் இயந்திரங்களுக்கானவர். இன்னொருவர், நினைத்தே பார்க்காமல், பாட்டுக்கானவர் ஆகிப்போனார்.

முதலாமவரைப் பார்த்தது கம்பெனி வேலையாக. எங்கள் குழு செய்த ஒரு விஷயத்துக்குக் காப்புரிமை விண்ணப்பம் போடலாம் என்று முடிவானது. காப்புரிமை முகவர் ஒருவர் வீடியோ காலில் வந்தார். சட்ட வார்த்தையாகக் கொட்டுவார் என்று தயாராக இருந்தேன். நான் பத்து நிமிஷம் விளக்கியதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “லாக் எடுத்ததுக்கு அப்புறம், ரிலீஸ் பண்றதுக்கு முன்னாடி நெட்வொர்க் போச்சுன்னா என்ன ஆகும்?”

எங்கள் வேலையின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருந்தது. கம்பெனியில் எங்கள் மேலதிகாரிகளே அதைக் கேட்டதில்லை. அப்புறம் பேச்சுவாக்கில் தெரிந்தது: இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்துவிட்டு நாலு வருஷம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்தவர். “நடுராத்திரி சிக்னல் போய் நின்னிருக்கேன் சார், அதான் கேட்டேன்” என்றார். நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(k) பிரிவு வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை கிடையாது என்கிறது. நிரலைத் தாண்டி அதற்குள் என்ன தொழில்நுட்பப் பயன் இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். அதைக் காட்ட, பழுதாகி நின்ற இயந்திரத்தின் முன்னால் நின்ற ஆள் வேண்டும்.

சட்டத்துக்கும் இது தெரியும். 1970-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, முகவராக வேண்டுமென்றால் அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் வேண்டும் என்கிறது. அதோடு ஒரு தேர்வும் எழுத வேண்டும். ஒரு காலத்தில் அறிவியல் பட்டம் பெற்ற வழக்கறிஞருக்குத் தேர்விலிருந்து விலக்கு இருந்தது. 2005 திருத்தம் அதை எடுத்துவிட்டது. எஸ்.பி. சொக்கலிங்கம் என்ற வழக்கறிஞர் அதை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றம் போனார். 2013-ல் அந்தத் திருத்தம் செல்லாது என்று தீர்ப்பானது. தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பதுதான் சண்டை. அறிவியல் படித்திருக்க வேண்டும் என்பதில் சண்டையே இல்லை.

மதுரைக்கே இதில் ஒரு கதை உண்டு. மதுரைக்காரரான எஸ். ராம்குமார், ஒரே போனில் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் கார்டு போடுவதற்கு 2002-ல் காப்புரிமை கேட்டு, 2008-ல் வாங்கினார். அதைக் காட்டி இரட்டை சிம் போன்களின் இறக்குமதியைச் சுங்கத்துறை மூலம் நிறுத்தவும் செய்தார். சாம்சங் எதிர்த்தது. 2012-ல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. தோற்ற கதைதான். நான் பார்ப்பது அந்த அமர்வில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை. சட்டம் படித்த ஒருவர், தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் என்று இரண்டு பேர் சேர்ந்து கேட்க வேண்டும் என்பது அந்த வாரியத்தின் அமைப்பு. தலைவராக இருந்தவர் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன். ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்று இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். அதே பிரபா ஸ்ரீதேவன்தான் 2013 மார்ச்சில், நெக்ஸவார் என்ற புற்றுநோய் மருந்தை நாட்கோ நிறுவனம் மலிவாகத் தயாரிக்கக் கொடுத்த கட்டாய உரிமத்தை உறுதி செய்தார். மாதத்துக்கு 2,80,000 ரூபாய் ஆன மருந்து 8,800 ரூபாய்க்கு வந்த வழக்கு அது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அந்த வாரியம் 2021-ல் கலைக்கப்பட்டது. அதற்கு முன்பே, அதில் உட்காருகிறவர்களுக்கு என்ன தகுதி வேண்டும் என்று சட்ட அறிஞர் ஷம்நாத் பஷீர் வழக்குப் போட்டு, 2015-ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார். ஆக, இயந்திரம், மருந்து என்றால் ‘நீ யார், எங்கிருந்து வருகிறாய்’ என்ற கேள்விக்கு இந்த நாட்டில் பிரிவு இருக்கிறது, வழக்கு இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது.

பாட்டுக்கு? கதைக்கு? கூத்துக்கு?

ஒன்றும் கிடையாது. கறுப்புக் கோட்டு போதும். ராகம் தெரிந்திருக்க வேண்டாம், மேடை ஏறியிருக்க வேண்டாம். இது தப்பு என்று சொல்லவில்லை. பாட்டு வழக்குக்கு இசைக் கல்லூரிச் சான்றிதழ் கேட்டால் அதுவும் ஒரு அடைத்த கதவாகிவிடும். ஆனால் கதவு திறந்திருந்தாலும் வீடு என்னவோ சென்னையில்தான் இருக்கிறது. நாம் கேள்விப்படுகிற வழக்கெல்லாம் அங்கேதான். இளையராஜாவின் பாடல் உரிமை வழக்குகளும், 2018 அக்டோபரில் ‘சர்கார்’ கதைக்கு வருண் ராஜேந்திரனின் பெயரைப் போட ஒப்புக்கொண்ட சமரசமும் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்தவை. பெரிய பெயர், பெரிய பணம், பெரிய வக்கீல்.

எங்கள் பெரியப்பாவுக்கு இந்த மூன்றும் கிடையாது.

அவர் ஸ்பெஷல் நாடக நடிகர். ‘வள்ளி திருமணத்தில்’ நாரதர் வேஷம். ஸ்பெஷல் நாடகம் தெரியாதவர்களுக்கு: ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார், ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பார்கள். கதையும் பாட்டும் சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுவைத்தது. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். நடுவில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கத்துக்குத்தான் கூட்டம் தூங்காமல் உட்கார்ந்திருக்கும்.

1992-ல் ஒரு கேசட் கம்பெனி பெரியப்பாவையும் இன்னும் மூன்று பேரையும் கூப்பிட்டு ‘வள்ளி திருமணம்’ பதிவு செய்தது. ஒரு நாள் வேலை. முந்நூறு ரூபாய். முப்பது வருஷம் கழித்து அந்தக் கேசட் முழுவதும் யூடியூபில் இருந்தது. லட்சக்கணக்கில் பார்வைகள். கீழே யார் பெயரும் இல்லை. அக்கா மகள்தான் கண்டுபிடித்து போனை அவர் காதருகே வைத்தாள். பெரியப்பா கொஞ்ச நேரம் கேட்டார். “ஏம்மா, என் பேரு போட்டிருக்கா?” என்றார். காசைப் பற்றிக் கேட்கவே இல்லை.

சென்னையில் ஓர் அலுவலகத்தில் விசாரித்தேன். ஆலோசனைக்கு அவர்கள் சொன்ன கட்டணம், பெரியப்பா ஒரு சீசன் முழுக்க நாரதராக நின்று சம்பாதித்ததைவிட அதிகம். அப்புறம்தான் கே.கே. நகர் பக்கம் ஒரு வக்கீலிடம் போனோம். நிலத்தகராறு பார்க்கிறவர். எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினைக்கு வந்தவர். வேறு யாரையும் தெரியாது, அதனால் போனோம்.

பெரியப்பா சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: “அய்யா, இது கோயில் மேடையில நடந்தப்ப ஆம்ப்ளிஃபயர்ல லைன் எடுத்து பதிஞ்சதா, இல்ல ஸ்டூடியோவுல கூப்பிட்டுப் பாடினதா?”

“ஸ்டூடியோதாங்க.”

“கையெழுத்து?”

“காசு வாங்கினதுக்கு ஒரு வவுச்சர்ல போட்டேன்.”

“சரி. அந்த நாரதர் தர்க்கம் இருக்குல்ல, அது புஸ்தகத்துல உள்ளதா, அய்யா சொந்தமாப் போட்டதா?”

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எல்லாம் நம்ம சரக்குங்க” என்றார்.

வக்கீல் சிரித்தார். அவர்கள் வீடு மைக் செட் வீடாம். சட்டம் படிக்கிற வரைக்கும் அப்பாவோடு குழாய் கட்டப் போனவர். எத்தனையோ ‘வள்ளி திருமணம்’, எத்தனையோ ‘பவளக்கொடி’ என்று ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே உட்கார்ந்து விடிந்திருக்கிறது. எந்த வரி சுவாமிகளுடையது, எந்த வரி அந்த ராத்திரி பிறந்தது என்று அவருக்குக் காதே சொல்லும்.

அந்த இரண்டு கேள்விகளில்தான் வழக்கே இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் காலமானார். ஆசிரியர் இறந்து 60 வருஷம் தாண்டிவிட்டால் எழுத்து பொதுச்சொத்து. ஒலிப்பதிவோ, அதைத் தயாரித்த கேசட் கம்பெனியுடையது. வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 வருஷம் அவர்களிடம் இருக்கும். பாடியவருக்கு? மேடைக் கலைஞருக்கென்று தனி உரிமை 1994 திருத்தத்தில்தான் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வந்தது, 1995 மே மாதம் அமலானது. கேசட் 1992. மூன்று வருஷ வித்தியாசத்தில் குரலுக்கான வழி குறுகிவிட்டது. ஆனால் தர்க்கம் அவர் சொந்தமாக உண்டாக்கியது என்றால், அந்த வார்த்தைகளுக்கு அவர் ஆசிரியர். ஆசிரியருக்கு உரிமை 1957 சட்டத்திலேயே உண்டு. அதை இன்னொருவருக்கு மாற்ற எழுத்துப் பூர்வமான ஒப்பந்தம் வேண்டும். “வவுச்சர் பட்டா ஆகாதுங்க அய்யா” என்றார் வக்கீல். நிலத்து வக்கீல் அல்லவா!

ஜெயித்துவிடலாம் என்று அவர் சொல்லவில்லை. வாதத்துக்கு இடம் இருக்கிறது என்றார். இன்னொன்றும் சொன்னார்: பதிப்புரிமை வழக்கை, வழக்குப் போடுகிறவர் குடியிருக்கிற ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். 62-ஆம் பிரிவு. சென்னைக்குப் போக வேண்டியதே இல்லை.

கலைஞருக்கு ஏன் அவ்வளவு தாமதமாக உரிமை வந்தது என்று அப்புறம் தேடிப் படித்தேன். 1977-ல் திரைப்பாடல் உரிமை பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியே ஒரு குறிப்புச் சேர்த்தார். நம் சட்டம் தாளில் எழுதிய இசையைக் காப்பாற்றுகிறது, பாடுகிறவரைக் காப்பாற்றவில்லை. ஆனால் நம் ஊரில் ஜனங்கள் கூடுவது பாடுகிற குரலுக்காகத்தானே என்பது அதன் சாரம். வழக்கில் யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. மலபாரில் விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் வழக்காடி, அதற்காகச் சிறைக்கும் போய், 1957 கேரள அமைச்சரவையில் இருந்துவிட்டு நீதிபதி நாற்காலிக்கு வந்தவர் அவர். வேலை செய்கிறவன் ஒருத்தன், பலன் வாங்குகிறவன் இன்னொருத்தன் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அந்தக் குறிப்பு சட்டமாக 17 வருஷம் ஆனது.

எங்கள் விஷயம் எங்கே நிற்கிறது என்றால், வக்கீல் நோட்டீஸ் போனது. பதில் வந்தது. வீடியோவுக்குக் கீழே நாலு பேர் பெயரும் ஏறியது, பெரியப்பாவின் இனிஷியல் மட்டும் தப்பாக. பணம் பற்றி “பேசலாம்” என்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கிறார்கள். கூட நடித்த ஸ்திரீபார்ட் அம்மா பெயர் ஏறுவதற்கு முந்தைய வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அக்கா மகள் இப்போது மதுரை சட்டக் கல்லூரியில் மூன்று வருஷப் படிப்பில் இருக்கிறாள். அதற்கு முன்னால் பி.ஏ. தமிழ். “மாமா, ஐபி லா பண்ணணும்னா இன்ஜினியரிங் வேணுமாமே?” என்று ஒருநாள் கேட்டாள். காப்புரிமை முகவர் ஆக வேண்டுமென்றால் வேண்டும், அது சட்டம் என்றேன். மற்றதற்கு வேண்டாம். ஆனால் மற்றதற்கும் ஏதோ ஒன்று வேண்டும், அதன் பெயர் எந்தப் பிரிவிலும் இல்லை.

அவளிடம் அது இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சங்கரதாஸ் சுவாமிகளைப் பாடமாகப் படித்தவள், பெரியப்பாவின் தர்க்கத்தை மனப்பாடமாகச் சொல்லுகிறவள். இந்தப் பக்கத்து நாடகக்காரர்களையும் நாட்டுப்புறப் பாடகர்களையும் வைத்துக் கேசட் போட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் கேசட்டெல்லாம் இன்று யாரோ ஒருவரின் சேனலில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் வவுச்சரில் கையெழுத்துப் போட்டார்கள், எத்தனை பேர் ஒப்பந்தத்தில் போட்டார்கள் என்று யாராவது வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். ஆட்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். போன விடுமுறையில் அவள் ஒரு நோட்டு வாங்கி ஆரம்பித்திருக்கிறாள். இதுவரை பதினொரு வீடு. ஒரே ஒரு வீட்டில்தான் ஒப்பந்தம் என்று ஒரு தாள் இருந்தது. அதிலும் தேதி இல்லை.