தமக்கையார் பள்ளியில் ஒரு நாள்

நன்னூற் பொதுப்பாயிரத்தை நாம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமைகளைப் பவணந்தி முனிவர் கூறியிருப்பதைக் கரும்பலகையில் வரிசையாக எழுதுவோம். ஒவ்வொன்றின் பொருத்தத்தையும் விளக்குவோம். தேர்வுக்கு வரக்கூடிய பகுதி என்று அடிக்கோடிடவும் சொல்வோம். ஆயினும், அந்நான்கின் பொருளை நாம் உண்மையில் உணர்ந்தது கல்லூரி வகுப்பறையில் அன்று; ஓட்டுக் கட்டடத்தில் இயங்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில். அதனை இம்மலர் வாயிலாக மாணவச் செல்வங்களோடும், ஆசிரியப் பெருமக்களோடும், சமுதாயப் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்வது நம் கடமை எனக் கருதுகிறோம்.

2024ஆம் ஆண்டு, முதலாண்டு மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்திக்கொண்டிருந்தோம். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவரை எழுப்பி, பாடத்தில் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னோம். அவர் எழுத்தெழுத்தாகத் தடவினார். மூன்றாம் வரிக்கு மேல் நகரவில்லை. வகுப்பு சிரித்தது. நாமும் பொறுமை இழந்து, “தொடக்கப் பள்ளியில் உமக்கு எழுத்தறிவித்தவர் யார்? சம்பளம் வாங்கிக்கொண்டு என்ன செய்தார்?” என்று கேட்டுவிட்டோம். மறுநாள் அம்மாணவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அவ்வாரம் ஊருக்குச் சென்றபோது இதனை நம் தமக்கையாரிடம் பெருமூச்சோடு கூறினோம். கடலோரச் சிற்றூர் ஒன்றில் அவர் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பெண் பிள்ளைகளைப் பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்திவிடும் வழக்கம் நம் ஊரில் வலுவாக இருந்த காலத்தில், உறவினர் சொல்லையும் பொருட்படுத்தாது அவரை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பியவர் நம் வாப்பா. 1997இல் பணியேற்ற தமக்கையார், நாம் கூறியதை முழுவதும் கேட்டுவிட்டு, சினம் கொள்ளாமல் ஒன்றே ஒன்று சொன்னார்: “தம்பி, திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு என் பள்ளிக்கு வா.”

சென்றோம். அன்று அவர் சுபுஹு தொழுகைக்கு எழுந்தபோது நாம் உறங்கிக்கொண்டிருந்தோம். நாம் எழுந்தபோது சமையல் முடிந்திருந்தது. இரண்டு பேருந்து மாறி எட்டேகால் மணிக்குப் பள்ளியை அடைந்தோம். காலை உணவுத் திட்டம் 2022இல் மதுரையில் தொடங்கப்பெற்று, 2023இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிவாக்கப்பெற்றது. அதன்படி பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து கிச்சடி உண்டுகொண்டிருந்தனர். “பசித்த பிள்ளைக்கு அகரம் ஏறாது; இந்தக் கிச்சடிதான் என் முதல் பாடம்” என்றார் தமக்கையார். 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியதன் காரணமும் இதுதானே என எண்ணிக்கொண்டோம்.

அப்பள்ளியில் ஐந்து வகுப்பு, நாற்பத்து மூன்று பிள்ளைகள், இரண்டு ஆசிரியர். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. அன்று தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குச் சென்றுவிட்டார். ஆக, ஐந்து வகுப்புக்கும் தமக்கையார் ஒருவரே. கைப்பேசியில் வருகைப் பதிவை முடித்துக்கொண்டு, “கால் மணி நேரம் பார்த்துக்கொள்” என்று நம்மை வகுப்பில் விட்டுவிட்டு, குழந்தையைச் சேர்க்க வந்த ஒரு தாயோடு பேசச் சென்றார்.

பட்டிமன்ற மேடைகளிலும் கருத்தரங்குகளிலும் பேசிய நாம், கம்பீரமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு நீதிக்கதையைத் தொடங்கினோம். இரண்டாவது வாக்கியத்தில் ஒரு சிறுவன் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்றான். உடனே எழுவருக்குத் தாகம் எடுத்தது. “சார், இவன் என் பென்சிலை எடுத்துட்டான்” என்று ஒரு முறையீடு எழுந்தது. முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தி நம் தாடியைக் கண்டு அழத் தொடங்கினாள். குரலை உயர்த்தினோம், இரைச்சலும் உயர்ந்தது. கால் மணி நேரத்தில் நம் சட்டை நனைந்துவிட்டது.

தமக்கையார் உள்ளே வந்தார், அதட்டவில்லை. கரும்பலகை அருகே நின்று, மிகத் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினார். முன்வரிசை அமைதியாயிற்று, பின்வரிசை, ‘டீச்சர் என்ன சொல்கிறார்?’ என்று காது கொடுத்தது. அறை அடங்கியது. பின்னர்த்தான் அவ்வறையின் ஒழுங்கை நாம் கூர்ந்து நோக்கினோம்.

பிள்ளைகள் வகுப்பு வாரியாக அமரவில்லை. கற்றல் நிலை வாரியாக வட்டமாக அமர்ந்திருந்தனர். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அந்நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் எனப் பெயரிட்டது. சுவரில் தரையிலிருந்து எழுந்த தாழ்ந்த கரும்பலகையில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பங்கு உண்டு. தலைக்கு மேல் கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்களும் எழுதிய தாள்களும் தொங்கின. இவை முன்னர்ச் செயல்வழிக் கற்றல் வந்தபோது அமைந்தவை; திட்டங்கள் மாறினாலும் பயன் தருவதைத் தாம் மாற்றுவதில்லை என்றார்.

திட்டத்தில் இல்லாத ஏற்பாடுகளும் பல. வாசலில் செருப்புகளைப் பத்துப் பத்தாக அடுக்குவது ஒரு குழுவின் வேலை; அதுவே ஒன்று, பத்து என்னும் இடமதிப்புப் பாடம். புளியங்கொட்டைகள் நிறைந்த டப்பா கூட்டலுக்கும் கழித்தலுக்கும். பழைய பிஸ்கட் தகரப் பெட்டியொன்றில் துண்டுப் பென்சில்கள். எழுதுகோல் இல்லாதவர் யாரையும் கேளாமல் எடுத்து, மாலையில் திருப்பி வைக்க வேண்டும். “பென்சில் இல்லை என்று எழுந்து நின்று சொல்ல ஏழைப் பிள்ளைக்குக் கூச்சம், சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிட்டேன்” என்றார். கண் மங்கலான சிறுவனுக்குப் பலகை அருகே இடம். ஓயாமல் எழுந்தோடும் சிறுவனுக்குத் தண்ணீர்ப் பானையின் பொறுப்பு.

அவர் அரும்புகளுக்கு எழுத்துச் சொல்லித் தரும்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பினரைப் படிக்க வைத்தனர். இது நம் மண்ணின் பழைய முறை. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்தது இதுவே. நம் ஓதும் பள்ளிகளிலும் லெப்பையிடம் முன்பே ஓதி முடித்த பிள்ளை, புதிய பிள்ளைக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுத்ததைப் பெரியோர் அறிவர். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர் மக்களுக்கான ஆதரவற்றோர் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துக்காரர், நம் சிறார் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அதனை நூலாக்கினார். இங்கிலாந்தில் அது ‘மதராசு முறை’ என்றே பெயர் பெற்றது. நாம் நூலில் படித்த செய்தி அங்கே கண்முன் நிகழ்ந்துகொண்டிருந்தது.

மாலையில், பிள்ளைகள் வீடு திரும்பியபின், தமக்கையார் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். வருகைப் பதிவேடு அன்று. நாற்பத்து மூன்று பெயர்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் சிறு குறி. “இது என்ன, ராத்தா?” என்றோம்.

“இன்று யார் யாரிடம் பெயர் சொல்லிப் பேசினேன் என்ற கணக்கு. கெட்டிக்காரப் பிள்ளை நம்மைப் பேச வைத்துவிடும். குறும்புக்காரனும் பேச வைத்துவிடுவான். நடுவில் இருக்கும் ஊமைப் பிள்ளைதான் ஆண்டு முழுவதும் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். குறி விழாத பெயரை மறுநாள் முதலில் கூப்பிடுவேன்.” சற்று நிறுத்தி, “உன் மாணவன் அப்படித் தப்பிப் போன பிள்ளையாக இருப்பான், தம்பி. பன்னிரண்டு ஆண்டில் எங்களில் யாரோ ஒருவர் குறி போட மறந்துவிட்டோம். ஆனால் இப்போது அவன் பெயர் உன் நோட்டில் அல்லவா இருக்கிறது?” என்றார்.

நாம் விடைசொல்ல இயலாமல், நன்னூல் கூறும் மாணாக்கர் இயல்பை இழுத்தோம்: அன்னமும் ஆவும் போல்வார் உண்டு, இல்லிக்குடம் போல்வாரும் உண்டே, ஊற்றுவதெல்லாம் ஒழுகினால் ஆசிரியர் என் செய்வார் என்றோம். அவர் சிரித்தார். “குடத்தில் ஓட்டை என்றால் குடத்தையா வைவார்கள்? ஓட்டை எங்கே என்று பார்க்க வேண்டாமா?”

நிற்க. எத்தனை மிதித்தாலும் தாங்கும் நிலத்தையும், அசையாத மலையையும், எவர் பக்கமும் சாயாத நிறைகோலையும், மலர்ந்த முகத்தையும் நாம் இருபது ஆண்டுகள் உவமையாக மட்டுமே கற்பித்திருந்தோம். அந்நாற்பது பக்க நோட்டே நிறைகோல் என்பது அன்று மாலைதான் விளங்கிற்று.

ஊர் திரும்பியதும், அம்மாணவரின் வீட்டைத் தேடிச் சென்றோம். அவர் தந்தையார் மீன் ஏலக் கூடத்தில் கூலி வேலை செய்பவர். நம்மைக் கண்டு பதறி நாற்காலி தேடினார். வகுப்பின் முன் செய்த பிழைக்கு அவர் முன்னிலையில் மாணவரிடம் வருத்தம் தெரிவித்தோம். மூன்றாம் நாள் அவர் கல்லூரிக்கு வந்தார். நாள்தோறும் முதல் மணிக்கு முன் அரை மணி நேரம் நம் துறை அறையில் அமர்ந்து படித்தோம். ஒற்றெழுத்து வந்தால் திணறுகிறார் என்பது நான்கே நாளில் தெரிந்தது. ஓட்டை அவ்வளவு சிறியது! அவரோடு வகுப்புத் தோழர் ஒருவரையும் இணைத்தோம். பிறகு நம்மைவிட அத்தோழரே நன்றாகக் கற்பித்தார்.

ஆண்டு இறுதியில் தமிழ் மன்றக் கூட்டத்தில் அம்மாணவரே வரவேற்புரையை எழுதிப் படித்தார். நான்கு இடங்களில் தடுக்கினார், நிறுத்தவில்லை. எவரும் சிரிக்கவுமில்லை.

இப்பொழுது நம் மேசையிலும் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. அறுபது பெயர்கள் கொண்ட வகுப்பில் எல்லார்க்கும் ஒரே நாளில் குறி போட இயலவில்லை. ஒரு வாரத்தில் முடித்துவிடுகிறோம். இம்மலரைப் படிக்கும் மாணவர்களுள் பலர் நாளை ஆசிரியராவீர்கள். பட்டம் பெரிதாகும்தோறும் பணியும் பெரிதென எண்ணிவிடாதீர்கள். நாம் கட்டும் மாடிகளெல்லாம் யாரோ ஒருவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து போட்ட அடித்தளத்தின் மேலேயே நிற்கின்றன. சமுதாயப் பெரியோர்களும் தத்தம் ஊர்த் தொடக்கப் பள்ளியின் வாசலை ஆண்டுக்கு ஒருமுறையேனும் மிதிக்க வேண்டுகிறோம்.

கற்பித்தோர் அனைவர்க்கும் எல்லாம் வல்ல இறைவன் நிறைந்த நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.