பெண்களின் விருப்பப்படி

2006-இல் எங்கள் சபையின் சார்பில் நான் எழுதி அனுப்பிய அறிக்கையில் ஒரு வரி பொய். “கடற்கரைப் பெண்களின் விருப்பப்படி தையல் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது” என்பது அந்த வரி. அவர்கள் அதை விரும்பவில்லை. தங்களுக்கு என்ன வேண்டும் என்பதை என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். நான் கேட்டேன், புரிந்துகொண்டேன், எழுதாமல் விட்டேன். யாரும் என்னை நிர்ப்பந்திக்கவில்லை. ஒரு பைசா என் கைக்கு வரவும் இல்லை. கணக்கு சுத்தமாக இருந்ததால் என் மனசாட்சியும் சுத்தமாக இருப்பதாக நம்பிக்கொண்டு பல வருடங்கள் திருவிருந்தில் பங்கெடுத்தேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலுக்கு உள்பக்கம், கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் எங்கள் ஊர். சி.எஸ்.ஐ. சபை, ஏறக்குறைய எல்லோரும் நாடார் குடும்பங்கள். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயைத் தாண்டினால் கத்தோலிக்க மீனவர்களின் ஊர். அவர்களுடைய முன்னோர் 1544-இல் பிரான்சிஸ் சவேரியார் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். எங்கள் பக்கத்தில், மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்து சேர்ந்தது 1806-இல். விசுவாசத்தில் எங்களைவிட இரண்டரை நூற்றாண்டு மூத்தவர்கள் அவர்கள். ஆனாலும் அந்த ஊரில் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்த ஞாபகம் என் சின்ன வயதில் கிடையாது. மீன் கொண்டுவரும் அம்மையிடம் பேரம் அடுக்களை வாசலில்தான் நடக்கும். காசைக் கையில் கொடுக்காமல் படியில் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதை யாரும் எனக்குத் தனியாகச் சொல்லித் தரவில்லை. தரவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் என்ன செய்தது என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உயிர் தப்ப உள்பக்கம் ஓடி வந்தவர்களில் பலர் அந்தக் கால்வாயில்தான் சிக்கி இறந்தார்கள். எங்கள் வாலிபர்கள் சேற்றில் இறங்கி உடல்களைத் தூக்கினார்கள். ஆலயத்தைத் திறந்துவிட்டோம், கஞ்சி காய்ச்சினோம், பெஞ்சுகளை ஓரம் தள்ளிப் பாய் விரித்தோம். அந்த நாட்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அன்று யார் வீட்டுப் பாத்திரத்தில் யார் சாப்பிட்டார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பிறகு பணம் வந்தது. வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் எங்கள் சபைப் பிள்ளைகள் அனுப்பினார்கள், வெளிநாட்டுச் சபைகளும் அனுப்பின. மறுவாழ்வுக் கமிட்டி அமைத்தோம். செயலர் பொறுப்பு எனக்கு. போதகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு பொறியாளர், இரண்டு வியாபாரிகள். கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. அந்தக் குறையை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய். கவனித்தேன். ‘அவர்களைச் சேர்த்தால் சண்டை வரும்’ என்று ஒருவர் சொன்னபோது தலையாட்டினேன்.

தையல் என்பது முன்கூட்டியே முடிவான காரியம். ஒப்புக்காக அந்த ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவில் பெண்களைக் கூட்டிக் கேட்டோம். மீன் விற்றுப் பிழைக்கும் பெண்கள். மீன் கூடையான கடவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சும்மாடுத் துணியை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் திட்டத்தை விளக்கி முடித்ததும் ஒரு வயதான அம்மை எழுந்தார்.

“தையலு படிச்சு ஆருக்கு மக்களே தைக்க? எங்களுக்கு விடியக்காலம் சந்தைக்குப் போக ஒரு டெம்போ வேணும். பஸ்ஸில ஏத்த மாட்டேங்கான்.”

அதன் பிறகு அவர்கள் பேசியதெல்லாம் இன்றும் வரிசையாக நினைவிருக்கிறது. ஏலத்தில் மீன் எடுக்கக் காலையில் வட்டிக்கு வாங்க வேண்டும்; சாயங்காலம் வட்டியோடு திருப்ப வேண்டும். பேருந்தில் நடத்துநர் கடவத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்துவார். ஆட்டோவுக்குக் கொடுத்தால் லாபம் போய்விடும். திங்கள்சந்தைக்கும் கருங்கலுக்கும் நடந்து போய்ச் சேர்வதற்குள் சாளையும் நெத்திலியும் வெயிலில் இளகி, பாதி விலைக்குத் தள்ள வேண்டிவரும். டெம்போ ஒன்று இருந்தால் ஒரு கடவத்துக்கு இவ்வளவு என்று போடலாம், அதிலேயே டீசலும் டிரைவர் சம்பளமும் வரும், ஐஸ் பெட்டி வைத்துக்கொள்ளலாம், கணக்கை இன்னார் பார்ப்பார் என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தார்கள். “சும்மா வேண்டாம், பாதி நாங்க போடுதோம்” என்றார் இன்னொருவர். வீட்டில் சாவு விழுந்து மாதங்களே ஆன பெண்கள் அவர்கள்.

என் நோட்டில் ‘போக்குவரத்து, பிறகு பரிசீலிக்கலாம்’ என்று குறித்துக்கொண்டேன். கமிட்டிக்கு எழுதிய மினிட்ஸில் அந்தக் குறிப்பும் இல்லை.

வண்டிக்கு இன்சூரன்ஸ், ரிப்பேர், விபத்து என்று தொல்லைகள் வரும் என்பது நான் மற்றவர்களுக்குச் சொன்ன காரணம். உண்மையான காரணங்கள் வேறு. அந்த டெம்போ எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். விடியற்காலையில் ஆலய மதிலோரம் மரநிழலில் கடவங்களை இறக்கி வைக்க முடியுமா என்று அந்தப் பெண்கள் கேட்டிருந்தார்கள். மீன் தண்ணீர் ஆலய வாசலில் ஒழுகும் என்ற நினைப்பே எனக்குக் கூசியது. ஒரு வண்டியை வைத்து ஓட்டிக் கணக்குப் பார்க்கும் திறமை அவர்களுக்கு உண்டு என்றும் நான் நம்பவில்லை. ஏலத்தில் நொடிக்கு நொடி மாறும் விலையை மனக்கணக்காகப் போட்டு அன்றாடம் பிழைக்கும் பெண்களைப் பற்றி, பள்ளிக்கூடத்தில் படித்ததை மட்டும் கணக்கென்று நினைத்த நான் அப்படி முடிவு செய்தேன். இதற்குச் சாதி என்று பெயர். ‘நிர்வாகச் சிக்கல்’ என்று அப்போது நான் வைத்த பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தையல் ஏன் எங்களுக்கு அவ்வளவு இயல்பாகத் தோன்றியது என்பதையும் சொல்ல வேண்டும். 1820களில் நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். லேஸ் கூலியைச் சேர்த்து அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டென்று மிஷன் வரலாறு சொல்கிறது. எங்கள் பாட்டிமார் அந்த லேஸைப் பெட்டியில் வைத்துப் பொத்திப் பாதுகாத்தார்கள். ஊசியும் நூலும் எங்களைத் தூக்கிவிட்டன என்ற நன்றி எங்கள் வீடுகளில் இன்றும் உண்டு. அந்த நன்றி தவறில்லை. எங்களுக்குப் பலித்த மருந்தை, நோயாளியின் பேச்சைக் கேட்காமலே அடுத்தவர் வாயில் ஊற்றியதுதான் தவறு. லேஸுக்கு வாங்குபவர்கள் கடல் கடந்து இருந்தார்கள். எங்கள் மையத்தில் தைக்கும் ஜாக்கெட்டை யார் வாங்குவார்கள் என்று கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை.

இதைவிட உறுத்துவது தோள்சீலைப் போராட்டம். எங்கள் பெண்கள் மேலாடை அணிந்ததற்காக, ஆதிக்க சாதியினர் சந்தையில் வைத்து அதைக் கிழித்தார்கள். 1859-இல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்து ஆணை பிறப்பிக்கும்வரை அந்தப் போராட்டம் பல பத்தாண்டுகள் நடந்தது. சந்தைக்கு மானத்தோடு போய்வருவது என்றால் என்ன என்று இந்த மாவட்டத்தில் வேறு யாரையும்விட எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு அந்த வரலாற்றைச் சொல்லிக்கொடுத்தவனே நான். அந்த அம்மை சந்தைக்குப் போக வழி கேட்டபோது அது எனக்கு நினைவில் வரவில்லை.

வழி தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. முளகுமூட்டில் பணியாற்றிய பெல்ஜியம் நாட்டுக் குரு ஜேம்ஸ் தோம்பர் 1960களில் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தைத் தொடங்கினார். அது கிராமச் சங்கங்களாக மக்களைத் திரட்டியே வேலை செய்தது. முட்டத்தில் பியர் ஜில்லே பிளைவுட் படகை உருவாக்கியபோது மீனவர்களோடு சேர்ந்து கடலில் விட்டுப் பார்த்து, அவர்கள் குறை சொன்ன இடத்தைத் திருத்தித் திருத்தித்தான் அது நின்றது. 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பில், மீனை ஏலம் விடும் உரிமை கரையிலுள்ள மீனவர்களின் சொந்தச் சங்கத்திடம் இருந்தது. பக்கத்துத் திருவனந்தபுரம் கரையில் மீன் விற்கும் பெண்கள் போராடித் தங்களுக்கென்று தனிப் பேருந்தே பெற்றார்கள். 1982-இல் மண்டைக்காட்டில் மதக் கலவரம் மூண்டு துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, சைவ மடத்துத் தலைவர் குன்றக்குடி அடிகளார் அத்தனை தூரத்திலிருந்து கடற்கரை ஊர்களுக்கு வந்து மக்களோடு பேசிச் சமாதானத்துக்கு வழி செய்தார். கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு இவையெல்லாம் தெரியும்.

வேதப் படிப்பில் பர்திமேயுவின் பகுதியை நானே நடத்தியிருக்கிறேன். பார்வையில்லாத ஒருவன் இயேசுவைக் கூப்பிடுகிறான். அவனுக்கு என்ன தேவை என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று அவனிடமே கேட்கிறார் இயேசு. அவன் வாயால் சொன்ன பிறகே செய்கிறார். இதைப் பற்றி உருக்கமாகப் பேசியிருக்கிறேன். பேசிய இடத்துக்கு எதிரே தையல் மெஷின்கள் வரிசையாக நின்றன.

மையம் நடந்தது. வகுப்பு காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் மீன் விற்கும் பெண்கள் எல்லோரும் சந்தையில் இருப்பார்கள். அவர்களுடைய மகள்மார் வந்தார்கள். சிலர் நன்றாகவே கற்றார்கள், ஒன்றிரண்டு பேர் அதை வைத்துப் பிழைக்கவும் செய்கிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சான்றிதழ் மிஞ்சியது. கடையில் நைட்டி மலிவாகத் தொங்கும்போது தைக்கக் கொடுப்பவர் யார்? நிதி முடிந்ததும் மெஷின்கள் எங்கள் ஆலயத்தின் பின்னறைக்கு வந்து சேர்ந்தன. அதற்குள் நான் அந்த அறிக்கையை அனுப்பிவிட்டேன். சீருடைச் சேலையில் பெண்கள் மெஷின்முன் உட்கார்ந்திருக்கும் படத்தோடு. பணம் அனுப்பியவர்கள் மகிழ்ந்து நன்றிக் கடிதம் எழுதினார்கள். அது ஆராதனையில் வாசிக்கப்பட்டது.

ஞாயிறுதோறும் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையில் என் குரலும் இருந்தது. அத்தனை குரல்களுக்கு நடுவே இந்தக் காரியம் வெளியே வராமலே கிடந்தது.

2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த ஒரு முதிய பெண்ணை, நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தி வந்தது. பேருந்து நிலையத்தில் அவர் அழுது கொதித்த காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். வீட்டில் எல்லோரும் நடத்துநரைத் திட்டினோம். நானும்தான். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த நடத்துநர் ஒரு பயணத்துக்குக் கதவைச் சாத்தினார். ஒரு ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து நான் சாத்தியிருந்தேன். என்னைக் கண்டிக்க ஆளில்லை.

அன்று டெம்போ கேட்ட அந்த அம்மையைத் தேடிப் போனபோது அவர் இறந்துபோயிருந்தார். மருமகள் அதே தொழிலைச் செய்கிறார். நான் எழுதியதையும் எழுதாமல் விட்டதையும் அவரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“அது அப்பவே தெரியும் சாரே. அதுக்குப் பெறவு நாங்க ஒங்க கூட்டத்துக்கு ஒண்ணுக்கும் வரல்ல, பாத்தியளா?”

அவர்கள் வராததைக் கமிட்டியில் ‘ஆர்வமின்மை’ என்று பதிவு செய்ததும் நான்தான்.

இப்போது அவர்கள் தங்கள் சங்கத்தின் மூலம் ஒரு டெம்போவை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். கணக்கும் அவர்களே பார்க்கிறார்கள். எங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று: சாலையோரம் சும்மா கிடக்கும் சபை நிலத்தில் ஒரு கூரையும் தண்ணீர்க் குழாயும், சாயங்காலம் உட்கார்ந்து விற்க. வாடகை தருவார்கள், இடத்தைக் கழுவி விடுவார்கள், சாவி அவர்களிடம் இருக்க வேண்டும். நிலத்தைப் பற்றிப் பேசும்போது அவர்களில் இரண்டு பேராவது கமிட்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள். உதவி பெறுபவர்கள் உட்காராத எந்த உதவிக் கமிட்டியிலும் இனி நான் உட்காரப் போவதில்லை.

சபைக் கமிட்டியில் எழுந்து பழைய அறிக்கையைப் பற்றிச் சொன்னேன்; திருத்தக் கடிதம் எழுதி அந்த வெளிநாட்டுச் சபைகளுக்கு அனுப்ப அனுமதி கேட்டேன். கடிதத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். கூரைக்கு இன்னும் ஒப்புதல் இல்லை. நாற்றம், சண்டை, நிர்வாகச் சிக்கல் என்கிறார்கள். பேசியவர்களில் பாதிப்பேர் ஓய்வுநாள் பள்ளியில் என்னிடம் படித்தவர்கள். அவர்களுடைய வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பேசத் தொடங்கியிருக்கிறேன்.