சென்னிமலை: 1,320 படிகள், தீர்த்தம் சுமக்கும் காளை, ஓயாத தறிச் சத்தம்!

காலை நேரம். சென்னிமலை அடிவாரத்தில் பூக்கடைகள் திறந்திருக்கின்றன. படிக்கட்டில் பக்தர்கள் ஏறிக்கொண்டிருக்க, முதுகில் தீர்த்தம் சுமந்த காளை ஒன்று அவர்களுக்கு நடுவே நிதானமாகப் படியேறுகிறது. வழிவிட்டு ஒதுங்குகிறவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். மலை மேல் இருக்கும் முருகனின் அபிஷேகத்துக்கான தண்ணீர் அது.

ஈரோடு மாவட்டம், பெருந்துறை வட்டத்தில் இருக்கிறது சென்னிமலை. 'சென்னி' என்றால் தலை. வடமொழியில் 'சிரகிரி'. மலைக்கோயிலுக்கு 1,320 படிகள். வாகனத்தில் வருபவர்களுக்கு சுமார் 4 கி.மீ. தூரத்துக்குத் தார்ச்சாலையும் உண்டு. சாலை வந்த பிறகும், காளை தீர்த்தம் சுமக்கும் வழக்கத்தை ஊர் விட்டுவிடவில்லை. 1984-ம் ஆண்டு பிப்ரவரி 12-ம் தேதி, இரட்டை மாட்டு வண்டி ஒன்று இந்தப் படிகள் வழியாகவே மலையேறியது. அந்த அதிசயத்தை ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

செதுக்காமல் விட்ட திருமேனி

இந்த முருகன் பூமியிலிருந்து கிடைத்தவர் என்கிறது தலவரலாறு. மேயப்போன பசு ஒன்று தினமும் ஒரே இடத்தில் பால் சொரிய, அங்கே தோண்டியபோது சிலை வெளிப்பட்டதாம். முகம் அவ்வளவு அழகு. இடுப்புக்குக் கீழே மட்டும் வேலைப்பாடு இல்லாமல் கரடுமுரடாக இருந்தது. அதைச் சீராக்க உளி வைத்தபோது ரத்தம் கசிந்ததால், அப்படியே பிரதிஷ்டை செய்துவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது.

மூலவர் தண்டாயுதபாணியை செவ்வாய் கிரகத்தின் அம்சமாக வழிபடுகிறார்கள். அதனால் செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் அதிகம். அருணகிரிநாதர் திருப்புகழில் பாடிய தலம் இது. தேவராய சுவாமிகள் கந்த சஷ்டி கவசத்தை அரங்கேற்றியதும் இங்கேதான் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. கவசத்தில் 'சிரகிரி' என்ற பெயர் வருவதை வீட்டில் தினமும் பாராயணம் செய்பவர்கள் கவனித்திருப்பார்கள்.

மூலவரைத் தரிசித்துவிட்டு உடனே இறங்கிவிட வேண்டாம். சந்நிதிக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் படியேறினால், வள்ளி, தெய்வானைக்குத் தனிக்கோயில். அமிர்தவல்லி, சுந்தரவல்லி என்ற பெயர்களில் இருவரும் இங்கே தவம் செய்ததாக ஐதிகம். அதற்கும் மேலே புண்ணாக்குச் சித்தர் கோயில். அங்கே சிறிது நேரம் உட்கார்ந்தால், ஏறி வந்த களைப்பு மலைக்காற்றில் போய்விடும்.

மலைக்குக் கீழே ஒரு போராட்டம்

இறங்கி வந்ததும் ஊருக்குள் ஒரு நடை போக வேண்டும். 'சென்னிமலை பெட்ஷீட்' என்ற பெயரைக் கேள்விப்படாத கொங்கு வீடு அபூர்வம். போர்வை, துண்டு, தலையணை உறை என எல்லாம் இங்கே கைத்தறியில் நெய்யப்படுபவை. கால் மிதிக்க, கை நாடாவை இழுக்க, பாவுக்குள் ஊடை நூல் ஒவ்வொன்றாகச் சேர்கிறது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நூல் கொடுத்து, நெய்ததை வாங்கி விற்கின்றன.

சுதந்திரப் போராட்ட வீரர் திருப்பூர் குமரன் பிறந்ததும் இதே ஊரில்தான். 1904-ம் ஆண்டு அக்டோபர் 4-ம் தேதி ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு, முருகனின் பெயரையே குமாரசாமி என்று வைத்தார்கள். 1932 ஜனவரியில், திருப்பூரில் கையில் கொடியோடு தடியடியை வாங்கி உயிர்விட்டார்.

இன்று அந்த நெசவுக்கே சோதனைக் காலம். விசைத்தறி, கைத்தறியைவிடப் பல மடங்கு வேகமாக நெய்துவிடுகிறது. 1985-ம் ஆண்டு கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டப்படி, கைத்தறிக்கு மட்டுமே உரிய 11 ரகங்களில் பெட்ஷீட்டும் ஒன்று. ஆனாலும், விசைத்தறியில் நெய்த போர்வைகள் கைத்தறி என்ற பெயரிலேயே சந்தைக்கு வருகின்றன என்பது நெசவாளர்களின் நெடுநாள் வருத்தம். கூலி போதாமல் அடுத்த தலைமுறை திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் பெருந்துறை சிப்காட்டுக்கும் போகிறது. தறிகளில் பெரும்பாலும் நடுத்தர வயதைத் தாண்டியவர்களே உட்கார்ந்திருக்கிறார்கள்.

சாலை வந்தாலும் முருகனுக்குக் காளைதான் தீர்த்தம் சுமக்க வேண்டும் என்று ஊர் நினைக்கிறது. அதனால் அந்த வழக்கம் நிலைத்திருக்கிறது. தறிக்கும் அப்படி நினைக்க ஆட்கள் வேண்டும். அது ஊர்க்காரர்களால் மட்டும் முடியாது. போர்வை வாங்குகிறவர்களும் மனது வைக்க வேண்டும். எனவே, தரிசனம் முடித்துத் திரும்பும்போது ஒரு போர்வையாவது வாங்குங்கள். கூட்டுறவுச் சங்கக் கடையில், கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எப்படிச் செல்வது?

ஈரோட்டிலிருந்து சுமார் 30 கி.மீ., பெருந்துறையிலிருந்து சுமார் 13 கி.மீ. இரண்டு ஊர்களிலிருந்தும் பேருந்து உண்டு. அருகில் இருக்கும் ரயில் நிலையம் ஈங்கூர். ஆனால், விரைவு ரயில்களில் வருபவர்களுக்கு ஈரோடுதான் வசதி. படியேற நினைப்பவர்கள் வெயிலுக்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. முதியவர்கள் சாலை வழியாகச் செல்லலாம். தைப்பூசத் தேரோட்டத்துக்கும் அதைத் தொடர்ந்து வரும் மகா தரிசனத்துக்கும் ஊரே நிரம்பி வழியும். அமைதியாகத் தரிசிக்க விரும்புபவர்கள் மற்ற நாள்களில் செல்லலாம்.